கேளுங்க, சொல்றேன்: மொய் நோட்டும் ஸ்தோத்திரமும்

போன மாசம் இந்தப் பக்கத்தோட கடைசியில சும்மா ஒரு வரி போட்டிருந்தேன், "தினமும் ஸ்தோத்திரம் சொல்ற பழக்கம் உங்க வீட்ல எப்படிப் போகுது"ன்னு. ஸ்தோத்திரம்னா நம்ம சபைகள்ல ஆண்டவருக்குச் சொல்ற நன்றி. ரெண்டு மூணு பேர் எழுதுவாங்கன்னு நெனச்சேன். கவர், போஸ்ட் கார்டு, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்னு வந்து குவிஞ்சிடுச்சு, அதுல பாதி சண்டை, பாதி அழுகை. நல்லா போகுதுன்னு எழுதினது ஒரே ஒருத்தர், அவரும் தன் மாமியாரைப் பத்தி எழுதியிருக்கார். இருக்கிற எடத்துக்கு ஆறு கேள்வி எடுத்திருக்கேன். பேரு யாருக்கும் போடல, கேட்டவங்களே வேணாம்னுட்டாங்க.

கே: அக்கா, எங்க வீட்டுக்காரர் எட்டு வருஷம் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல வேலை பாத்தாரு. ஆகஸ்ட்ல நிறுத்திட்டாங்க. சபையில "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்"னு சொல்றப்ப என் வாய் தெறக்கவே மாட்டேங்குது. மனசுல இல்லாம சொன்னா பொய் இல்லையா, சொல்லாம விட்டா பாவம் இல்லையா? (கடலூர் முதுநகர்)

ப: மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் தங்கச்சி, வேலை போனதுக்கு நன்றின்னு ஆண்டவர்கிட்ட நீ சொல்ல வேண்டியதில்ல. 1 தெசலோனிக்கேயர் 5:18ல இருக்கிறது "எல்லாவற்றிலேயும்", அதாவது எந்த நெலமையில இருந்தாலும் அந்த நெலமைக்குள்ள இருந்துகிட்டு. "எபேசியர் 5:20ல எல்லாவற்றிற்காகவும்னு இருக்கே"ன்னு உடனே ஒருத்தர் லெட்டர் போடுவார், எனக்குத் தெரியும், அவருக்கும் இங்கயே சொல்லிடறேன். யோவான் 11ஐ எடுத்துப் படிங்க. சிநேகிதன் லாசரு செத்ததுக்கு இயேசு ஸ்தோத்திரம் சொல்லல, 35ஆம் வசனத்துல கண்ணீர் விடறார். அப்புறம் கல்லறை வாசல்ல 41ஆம் வசனத்துல "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்"ங்கிறார். அழுகைக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவுல அஞ்சே வசனம்தான். சாவுக்கு நன்றி சொல்லல, காது குடுத்ததுக்கு சொன்னார். இதுக்கு மேல எனக்கு விளக்கம் தெரியாது, தேவையும் படல.

வாய் தெறக்கலன்னா "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு 13ஆம் சங்கீதத்தைச் சொல்லு. அதுவும் ஜெபம்தான். 88ஆம் சங்கீதம் ஆரம்பிச்சதுல இருந்து முடியற வரைக்கும் இருட்டுதான், கடைசியில ஒரு ஆறுதல் வரி கூட கெடையாது, ஆனா அதையும் தூக்கி பைபிள்ள வெச்சிருக்காங்களே.

தானே புயல் ஞாபகம் இருக்கா. 2011 டிசம்பர் 30 காலையில, நம்ம கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சு. அப்ப நாங்க தேவனாம்பட்டினம் போற ரோட்டுல வாடகைக்கு இருந்தோம், மேல ஆஸ்பெஸ்டாஸ். ரெண்டு ஷீட்டு அப்படியே பிச்சிகிட்டுப் போச்சு, நானும் மாமியாரும் புள்ளைங்களும் கட்டிலுக்கு அடியில, வீட்டுக்காரர் மட்டும் கதவை முதுகால முட்டுக்குடுத்துகிட்டு நின்னாரு. மறுநா ராத்திரி வருஷப் பிறப்பு ஆராதனை. கரண்ட் இல்ல, மெழுகுவத்தி, பாதிப் பேருக்கு ஈரத் துணி. போதகர் வழக்கம்போல "வருஷம் முழுக்க நடத்தினாரே, ஸ்தோத்திரம் சொல்றவங்க எழுந்து சொல்லலாம்"னாரு. ஒருத்தர் எழுந்திரிக்கணுமே! ரொம்ப நேரம் கழிச்சு பண்ருட்டி பக்கத்துக்காரர் ஒருத்தர், மக வீட்டுக்கு வந்த எடத்துல மாட்டிக்கிட்டவர், எழுந்து நின்னாரு. "முந்திரி போச்சு, பலா போச்சு. ஆண்டவரே, உங்க மேல கோவமா இருக்கேன். வேற யார்கிட்ட போயி சொல்றது, அதான் இங்க வந்தேன்"னு சொல்லிட்டு உக்காந்துட்டார். ஆமென் சொல்றதா வேணாமான்னு யாருக்கும் தெரியல. அப்புறம் பின்னாடி ஒரு பாட்டி சன்னமா "ஆமென்"னுச்சு. நான் கேட்டதுலயே உண்மையான ஸ்தோத்திரம் அதுதான்னு இன்னிக்கும் சொல்வேன்.

எங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல கரண்ட் வரல. அந்த நாள்ல ஒரு நா, பொண்ணோட ரஃப் நோட்டுல பின்பக்கமா எழுத ஆரம்பிச்சேன். எதிர்வீட்டு பாய் ரெண்டு குடம் தண்ணி. பால்காரர் காசு வாங்கல. மூணாம் வீட்டுப் பையன் தார்ப்பாய் கட்டினான், கீழ இறங்கறப்ப கால் கிழிஞ்சிடுச்சு. இப்படி. மாமியார் எட்டிப் பாத்துட்டு "என்னாடி, மொய் எழுதறியா"ன்னாங்க. சிரிச்சுட்டேன், ஆனா அது மொய் நோட்டேதான். எனக்கு அப்ப நன்றி உணர்ச்சின்னு ஒண்ணுமே இல்ல, கூரைக்கு எங்க போறதுங்கிற கவலைதான் இருந்துச்சு. ஆனா எழுதினதெல்லாம் நடந்தது, அதுல பொய் இல்ல. மூணாவது நாளு கடைசி வரியா "ஆண்டவர், எங்க எல்லாரையும் உயிரோட"ன்னு எழுதினேன், எழுதறப்ப கை நடுங்குச்சு.

உன் கேள்விக்கு இதான் என் பதில் தங்கச்சி. மனசுல வரல்லன்னா மனசைத் துருவாதே. ஆகஸ்ட்டுக்கு அப்புறம் யார் யார் என்ன செஞ்சாங்கன்னு எழுது. மளிகைக் கடைக்காரர் கடன் எழுதிக்கிட்டு முகம் சுளிக்காம குடுத்தாரா, அதையும் எழுது. செய்யாம விட்டவங்க பேரையும் எழுதணும்னு கை துடிக்கும். அதுக்கு 13ஆம் சங்கீதம் இருக்கு.

கே: ஆயிரம் ஸ்தோத்திரம் புக் ஒண்ணு வெச்சிருக்கேன். தினமும் காலையில "ராஜாதி ராஜாவே ஸ்தோத்திரம், கர்த்தாதி கர்த்தாவே ஸ்தோத்திரம்"னு வேகமா சொல்லி முடிச்சிடுவேன், ஆனா நடுவுல குக்கர் விசில் எண்ணிக்கிட்டிருக்கேன். இது கணக்குல வருமா? (லாஸ்பேட்டை)

ப: எத்தனை விசில்னு தெரிஞ்சா சரி. கிண்டல் இல்லம்மா, நானும் அந்தப் புக்கை சொல்லியிருக்கேன், முந்நூறைத் தாண்டினதுக்கு அப்புறம் எந்தப் பேரைச் சொன்னோம்னே தெரியாது. மத்தேயு 6:7ல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்னு இயேசு சொல்றார்னு உன்னைத் திட்ட ஆள் இருக்கும். ஆனா 136ஆம் சங்கீதத்தைப் பாரு, 26 வசனம், 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது"தான். அப்ப திருப்பித் திருப்பிச் சொல்றது தப்பில்ல. அந்த சங்கீதத்துல வசனத்தோட முதல் பாதி மாறிகிட்டே வரும், கவனிச்சிருக்கியா? சூரியன், சந்திரன், எகிப்து, செங்கடல், வனாந்தரம், ஓகு ராஜா, கடைசியில சாப்பாடு. பெரும்பாலும் ஒரு நடந்த விஷயத்துக்குப் பின்னாடிதான் அந்த வரி வருது.

அதனால புக்கை மூட வேணாம். நூறு சொல்லு, போதும். பத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, நேத்து நடந்தது ஒண்ணைச் சொல்லி ஸ்தோத்திரம்னு சொல்லு. "நேத்து ஸ்கூட்டி இந்திரா காந்தி சிலைகிட்ட நின்னுடுச்சு, யாரோ தள்ளி விட்டாங்க, ஸ்தோத்திரம்." இதைச் சொல்றப்ப விசில் எண்ண முடியாது, பாரு.

கே: ஜனவரி ஒண்ணுல கிராடிட்யூட் டைரி ஆரம்பிச்சேன், தினமும் அஞ்சு விஷயம். மூணாவது வாரம் "காற்று, தண்ணீர், குடும்பம்"னு அதையே திருப்பி எழுதிட்டிருந்தேன். பிப்ரவரியில விட்டுட்டேன். எனக்கு விசுவாசம் கம்மியா? (முத்தியால்பேட்டை, ஐடி வேலை, கத்தோலிக்க குடும்பம்)

ப: விசுவாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தம்பி, அஞ்சு ரொம்ப ஜாஸ்தி, அவ்ளோதான். இந்த டைரி விஷயத்துல எம்மன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு மனோதத்துவக்காரங்க 2003ல வெளியிட்ட ஆராய்ச்சியைத்தான் எல்லாரும் சொல்வாங்க. அதுல ஒரு பகுதியில வாரத்துக்கு ஒரே தடவைதான் எழுதச் சொன்னாங்க, அதுலயே நன்றி எழுதினவங்க மத்தவங்களை விட நல்லா இருக்கிறதா சொன்னாங்க. நீ தினம் அஞ்சுன்னு வெச்சா ஆபீஸ் டைம்ஷீட் மாதிரி ஆயிடும், ஏற்கனவே ஒண்ணு போடறே.

உங்க சபையிலயே இதுக்கு பழைய வழி இருக்கே. இக்னேஷியஸ் லொயோலா, இயேசு சபையை ஆரம்பிச்சவர், 1556ல எறந்தார். அன்னன்னிக்கு ராத்திரி ஆத்தும சோதனை பண்ணச் சொல்லி அஞ்சு படி எழுதி வெச்சிருக்கார், அதுல முதல் படி வாங்கின நன்மைக்கு நன்றி. தப்பை எண்ணறது அதுக்கு அப்புறம்தான் வருது. நம்ம ஆளுங்க நேரா தப்புக்குப் போயிடறோம், அதான் ராத்திரி தூக்கம் வர்றதில்ல. நான் பொறந்தது கத்தோலிக்க வீடு, கட்டிக்கிட்டுப் போனது ஆற்காடு லுத்தரன் வீடு, ரெண்டு பக்கமும் இந்தக் குறை உண்டு.

நான் பண்றது சொல்றேன். நம்ம வீட்ல தினம் கிழிக்கிற காலண்டர் இருக்குல்ல, ராசிபலன், நல்ல நேரம் போட்டு, மளிகைக் கடையில இனாமா குடுக்கிறது. ராத்திரி அந்தத் தாளைக் கிழிச்சு பின்பக்கம் ஒரே ஒரு வரி. எடம் அவ்ளோதான் இருக்கு, அதான் வசதியும். "குடும்பம்"னு எழுதக் கூடாதுன்னு எனக்கே ஒரு சட்டம். ஆள், செஞ்சது, நேரம். போன வெள்ளிக்கிழமை தாள் இப்ப எதிர்ல இருக்கு, அதுல இருக்கிறது இது: "மீன்காரம்மா, சங்கரா வேணாம் கண்ணு இன்னிக்கு ஐஸ் மீனு, மத்தி வாங்கிக்கன்னுச்சு." தன் யாவாரத்தைக் கெடுத்துக்கிட்டு சொன்ன வார்த்தை. எழுதலன்னா சனிக்கிழமையே மறந்திருப்பேன். தாளெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல போடறேன். எழுதாத நாள் நெறைய இருக்கு, அந்தத் தாளுல பால் கணக்கு போட்டிருப்பேன்.

கே: சாமிக்கு நாள் பூரா ஸ்தோத்திரம் சொல்ற வாய், இருவது வருஷத்துல எனக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னதில்லன்னு வீட்டம்மா குத்திக்காட்டறாங்க. நம்ம ஊருல பொண்டாட்டிக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களா? (நெல்லிக்குப்பம்)

ப: வீட்டம்மா சொல்றதுதான் சரி, வேற என்ன சொல்லணும்னு எதிர்பாத்தீங்க அண்ணே.

ஆனா நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் "நன்றி"ன்னு சொன்னா மேடையில பொன்னாடை போத்தற மாதிரி இருக்கும். பழைய தமிழ்ல அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற. வள்ளுவர் அதிகாரத்துக்கு வெச்ச பேரு செய்ந்நன்றி அறிதல். நன்றின்னா அங்க செஞ்ச நன்மை, பதிலுக்குச் சொல்ற வார்த்தை இல்ல. செஞ்ச நன்மையைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும், அதான் விஷயம். தாவீது 103ஆம் சங்கீதத்துல தன் ஆத்துமாகிட்ட சொல்றதும் அதேதானே, "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." ஃபீல் பண்ணுன்னு சொல்லல, மறக்காதேங்கிறார். அதனால நீங்க தேங்க்ஸ் சொல்லாட்டியும் போகுது, தெரியும்னு காட்டுங்க. "நேத்து காய்ச்சலோட எழுந்து எனக்கு தோசை ஊத்தினே, பாத்தேன்"னு சொல்லிப் பாருங்க. அந்த "பாத்தேன்"ல எல்லாம் வந்துடும். இயேசு குணமாக்கின பத்து குஷ்டரோகிங்க கதையில, நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருத்தன்தான், அவனும் சமாரியன், வெளியாளு. கூடவே இருக்கிறவங்களுக்குத்தான் திரும்பி வரணும்னு தோணாது. "மற்ற ஒன்பதுபேர் எங்கே"ன்னு இயேசு கேட்டாரே, உங்க வீட்டுல அந்தக் கேள்வி அடுப்படியில இருந்து வருது.

கே: பேரன் சாப்பாட்டுல குறை சொல்லிகிட்டே இருக்கான். "சாப்பாடில்லாத புள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க, உனக்கு ஆண்டவர் குடுத்திருக்கார்னு ஸ்தோத்திரம் சொல்லு"ன்னா கேக்க மாட்டேங்கிறான். (அரியாங்குப்பம்)

ப: அவன் கேக்காதது நல்லதுதான். லூக்கா 18ல பரிசேயன் ஜெபமும் ஸ்தோத்திரம்தான், "மத்தவங்களை மாதிரி நான் இல்ல, அதுக்கு ஸ்தோத்திரம்"னு. அடுத்தவன் பசியைக் காட்டி சோத்துக்கு ருசி ஏத்தினா அந்த வழிக்குத்தான் போகும். பேரனை ஒரு நாள் காலையில மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கத்திரிக்காயை அவனே பொறுக்கட்டும், தூக்கிட்டு வரட்டும். இன்னொண்ணு, சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் சொல்றோம்ல, பசியில புள்ளைக்கு அது எப்ப முடியும்னுதான் இருக்கும். உபாகமம் 8:10ல "நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்" ஸ்தோத்திரிக்கக்கடவாய்னு சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் வருது, அடுத்த வசனமே மறக்காம எச்சரிக்கையா இருன்னு. வயிறு ரொம்பினாத்தான் மறதி வருமாம். சாப்பிட்டு கை கழுவறதுக்கு முன்னாடி ஒரு வரி சொல்லச் சொல்லுங்க. குறை சொன்னா சொல்லட்டும், சாம்பார் நல்லா இல்லாம கூட இருக்கலாம்.

கே: என் பையன் டெங்குல ஐசியு வரைக்கும் போயி பிழைச்சான். பக்கத்து பெட்ல அதே வயசு பொண்ணு, தவறிடுச்சு. அந்தப் புள்ளையோட அம்மாவும் நானும் அந்த நாலு நாளும் வெளிய பாய் போட்டு ஒண்ணாப் படுத்திருந்தோம், அவங்கதான் எனக்கு கஞ்சி வாங்கிட்டு வந்து வற்புறுத்திக் குடிக்க வெப்பாங்க. இப்ப சபையில சாட்சி சொல்லச் சொல்றாங்க, ஸ்தோத்திரக் காணிக்கை கவரும் குடுத்திருக்காங்க. மைக் பிடிச்சு "என் பிள்ளையைக் காப்பாத்தினார்"னு சொன்னா அந்தப் புள்ளையை ஏன் விட்டார்ங்கிற கேள்வி எனக்கே வருது. சொல்லலன்னா நன்றி கெட்டவளா? (இடம் போட வேணாம்)

ப: இந்த லெட்டரை மூணு நாள் மேசையிலயே வெச்சிருந்தேன். அந்தப் பொண்ணு ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி பேசறவங்ககிட்ட நீங்களும் போகாதீங்க.

சாட்சி சொல்லணும்னு கட்டாயம் ஒண்ணும் கெடையாது. மைக் வேணாம்னா வேணாம். கவருல உங்களால முடிஞ்சதைப் போடுங்க, மேல "நன்றி"ன்னு மட்டும் எழுதினா போதும், மீதி அவருக்குத் தெரியும். எவ்வளவு போடறதுன்னு ரொம்ப யோசிப்பீங்க, எனக்குத் தெரியும், மொய் பழக்கம் நமக்கு, வாங்கினதுக்கு ஒரு ரூபா சேத்துத் திருப்பணும். 116ஆம் சங்கீதக்காரனுக்கும் அதே யோசனை, "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்"னு கேட்டுட்டு அடுத்த வரியில "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு"ங்கிறான். குடுக்கறதைப் பத்திக் கேட்டவன் எடுத்துக்கறதைப் பத்தி பதில் சொல்றான். திருப்பிக் கட்டற கணக்கு அங்க இல்ல.

ஆனா இந்தப் பக்கம் ஒரு கணக்கு இருக்கு. அந்த நாலு நாளு கஞ்சி. உங்க லெட்டர்ல நீங்களே எழுதின மொய் அது, குடுத்தவங்க அந்த அம்மா. ரோமர் 12:15ல "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்"னு ரெண்டையும் ஒரே வசனத்துல வெச்சிருக்கு, ஒரே ஆளு ரெண்டையும் செய்ய வேண்டி வரும்னு நெனச்சுத்தானோ என்னமோ.

போன் பண்ணிட்டுப் போகாதீங்க, இப்ப வேணாம்னு சொல்லிடுவாங்க. நேரா போங்க, மத்தியானம் மூணு மணிக்கு மேல, வந்து போற சொந்தக்காரங்க கெளம்பியிருப்பாங்க. தூக்குல கஞ்சி எடுத்துட்டுப் போங்க, துவையல் ஏதாவது தொட்டுக்க. பையனை முதல் தடவை கூட்டிட்டுப் போக வேணாம், அவங்களே "எப்படி இருக்கான்"னு கேட்டா அடுத்த தடவை பாத்துக்கலாம். ஆண்டவரைப் பத்தி நீங்களா ஒண்ணும் எடுக்காதீங்க. அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிப் பேசுங்க. கஞ்சி வேணாம்னுதான் சொல்வாங்க, நீங்களும் அப்ப அப்படித்தானே சொன்னீங்க.